குறுக்கிழைக்குப் பின்னால் இருந்த கண்

சாலை விரிவாக்கம் நடக்கும் இடத்தில் முக்காலியின்மீது ஒரு கருவி நிற்கிறது. அதற்குப் பின்னால் நிற்பவரைச் சற்று நேரம் கவனியுங்கள். குழலில் அவர் கண் வைப்பது ஓரிரு நொடிதான். தூரத்தில் பிரிசம் கோலைப் பிடித்து நிற்பவரைக் குறிவைக்கிறார், பொத்தானை அழுத்துகிறார், உடனே பார்வை திரைக்குத் திரும்பிவிடுகிறது. கோணம், தூரம், உயரம் மூன்றும் அங்கே எண்ணாக நிற்கின்றன. இரண்டு தலைமுறைக்கு முன்னால் இதே வேலைக்கு வந்தவர் பகல் முழுக்கக் குழலோடு கண்ணை ஒட்டி வைத்திருந்தார். அவர் பார்த்ததைச் சொல்ல, பக்கத்தில் இருந்தவர் பென்சிலால் புத்தகத்தில் எழுதினார்.

சங்கிலி போய் லேசர் வந்தது, புத்தகம் போய் மெமரி கார்டு வந்தது என்றுதான் நில அளவையின் கதையைப் பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் இருநூறு ஆண்டுகளில் கருவியைச் சுற்றி இருந்த எல்லாமே மாறியபோதும், நடுவில் இருக்கும் தொலைநோக்கி மட்டும் தன் இடத்தை விடவில்லை. அதற்குப் பின்னால் இருந்த கண்ணின் வேலைதான் துண்டு துண்டாகக் கழன்று வேறு கைகளுக்குப் போயிருக்கிறது. இதில் நமக்குக் கிடைத்த வேகமும் துல்லியமும் பெரியவை. கூடவே கண்ணுக்குத் தெரிந்திருந்த சில பிழைகள் இப்போது யாருக்கும் தெரியாமல் எண்ணுக்குள் ஒளிந்துகொள்கின்றன. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தக் குழல். கலிலியோ வானத்தைப் பார்த்த தொலைநோக்கியைக் கொண்டு நிலம் அளக்க முடியாது. அதில் முன்னால் குவிலென்ஸ், பின்னால் குழிலென்ஸ். பொருள் பெரிதாகவும் நேராகவும் தெரியும். ஆனால் ஒளிக்கதிர்கள் ஓரிடத்தில் கூடுவதற்கு முன்பே குழிலென்ஸ் குறுக்கிட்டுவிடுவதால் குழலுக்குள் எங்கேயும் பிம்பம் விழாது. 1611இல் கெப்ளர் விவரித்த அமைப்பில் இரண்டுமே குவிலென்ஸ். முன்னால் இருக்கும் பெரிய லென்ஸ் தூரத்துப் பொருளின் சின்னஞ்சிறு பிம்பத்தைக் குழலுக்குள்ளேயே தலைகீழாக விழவைக்கிறது. கண்ணருகே இருக்கும் லென்ஸ் அந்தப் பிம்பத்தைப் பெரிதாக்கிக் காட்டும் பூதக்கண்ணாடி, அவ்வளவுதான். முன் லென்சின் குவியத்தூரத்தைப் பின் லென்சின் குவியத்தூரத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்று கிடைத்துவிடும். தொடக்கத்தில் சாலையோரம் பார்த்த கருவியின் வகையான இன்றைய டோட்டல் ஸ்டேஷன்களில் அது பெரும்பாலும் 30 மடங்கு.

குழலுக்குள் விழும் அந்தப் பிம்பத்தில்தான் விஷயமே இருக்கிறது. பிம்பம் விழும் அதே தளத்தில் மெல்லிய இழை ஒன்றைக் குறுக்கே கட்டிவிட்டால், இழையும் தூரத்துப் பொருளும் ஒரே கூர்மையோடு ஒன்றாகத் தெரியும். சினிமாத் திரையின்மீதே சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்துவிட்டால், எந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாலும் அந்தக் கோடு படத்தில் விழுந்த இடத்தைவிட்டு நகராது. இங்கேயும் அப்படித்தான். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வில்லியம் காஸ்காய்ன் என்ற இளைஞர் 1640ஐ ஒட்டி இதைக் கண்டுகொண்டார். தொலைநோக்கிக்குள் ஒரு சிலந்தி இழை ஓட்டியிருந்ததாகவும், அது பொருளோடு சேர்ந்து தெளிவாகத் தெரிந்ததே தனக்கு வழிகாட்டியது என்றும் அவரே எழுதிவைத்திருக்கிறார். 1644இல் உள்நாட்டுப் போரில் அவர் இறந்துபோனதால் அந்த யோசனை பரவச் சில பத்தாண்டுகள் பிடித்தன.

இழைகள் வெட்டும் புள்ளியையும் முன் லென்சின் நடுவையும் இணைத்தால் ஒரு நேர்கோடு கிடைக்கிறது. அதுதான் நோக்குக் கோடு. தொட முடியாத, காற்றில் நீளும் அந்தக் கோட்டைத்தான் சர்வேயர் வட்டத்தின்மீது திருப்பித் திருப்பிக் கோணம் எடுக்கிறார். வெறுங்கண்ணால் நாம் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் சுமார் ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் அது ஏறக்குறைய ஒரு அடி. குறுக்கிழை கட்டிய தொலைநோக்கியும் நன்றாகப் பிரித்த வட்டமும் சேர்ந்தால் ஒரு விகலை, அதாவது ஒரு கலையில் அறுபதில் ஒரு பங்கு வரை போகலாம். அதே தூரத்தில் அது 5 மில்லிமீட்டர். ஒரு அடி எங்கே, 5 மில்லிமீட்டர் எங்கே!

இந்தத் துல்லியம் நம் ஊருக்கு வந்த கதை பரங்கிமலையில் தொடங்குகிறது. 1802 ஏப்ரல் 10ஆம் தேதி வில்லியம் லாம்ப்டன் அங்கே அடிக்கோடு ஒன்றை அளக்க ஆரம்பித்தார். வடக்கே பரங்கிமலை, தெற்கே பெரும்பாக்கம் குன்று, நடுவே சுமார் ஏழரை மைல். 100 அடி எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெயிலில் எஃகு எவ்வளவு நீள்கிறது என்று கணக்கிட வெப்பமானி வைத்து அளந்தார்கள். அதற்குப் பிறகு சங்கிலிக்கு வேலை குறைவு. ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கணக்கில் கண்டுவிடலாம். ஒரு முக்கோணத்தின் பக்கம் அடுத்ததற்கு அடிக்கோடாகும். இப்படி முக்கோணத்தின்மேல் முக்கோணமாக இமயம் வரை ஓடிய மாபெரும் முக்கோண அளவை, கோணத்தை நம்பி நின்றது. கோணமோ தொலைநோக்கியை நம்பி நின்றது.

அந்தத் தொலைநோக்கியைத் தாங்கிய, கோணம் அளக்கும் கருவியான தியோடலைட்டின் எடை அரை டன். லண்டனில் வில்லியம் கேரி செய்தது. வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோனார்கள். அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையோடு திருப்பி அனுப்பிவைத்தார்கள். அதன் கிடைவட்டத்தின் விட்டம் 36 அங்குலம். ஏன் இவ்வளவு பெரிது? அந்த வட்டத்தின் விளிம்பில் ஒரு விகலைக்கான நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதல். 36 அங்குலத்திலேயே இந்த நிலை என்றால் கைக்கடக்கமான வட்டத்தில் பித்தளைமேல் கோடு கீறி விகலை காண்பது அந்தக் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாதது. வட்டம் பெரிதானால் அதைத் தாங்கும் சட்டமும் பெரிதாகும். கருவியைத் தூக்கவே ஒரு கூட்டம் வேண்டும்.

அந்தக் கனத்தோடு லாம்ப்டன் காவிரிப் படுகைக்கு வந்தார். தட்டையான வயல்வெளி, கண்ணுக்கு எட்டியவரை தென்னந்தோப்பு, ஏறி நின்று பார்க்க ஒரு குன்று கிடையாது. கோயில் கோபுரங்கள்தான் மலைகளுக்குப் பதில். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏறத்தாழ 66 மீட்டர் உயரமுள்ள விமானத்தின் உச்சிக்குக் கருவியைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். பாதியில் ஒரு கயிறு அறுந்தது. கருவி ஊசலாடிப்போய்ச் சுவரில் மோதியது. பெட்டிக்குள் இருந்தும் அடி வட்டத்தின்மேல் விழுந்து, வட்டம் உருக்குலைந்துபோனது.

இதற்குப் பிறகு நடந்ததை அளவைத் துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டும் என்பது என் ஆசை. லாம்ப்டன் கருவியைத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோனார். கூடாரத்துக்குள் புகுந்து, தலைமைக் கைவினைஞர்களைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடாமல், துண்டு துண்டாகக் கழற்றினார். ஒரு பெரிய பலகையில் வட்டத்தின் சரியான அளவை வரைந்து வெட்டி வைத்துக்கொண்டு, ஆப்பு, திருகு, கப்பி இவற்றைக் கொண்டு கோணலான வட்டத்தை அணு அணுவாக இழுத்துப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்தார். ஆரைக்கம்பிகளை மரச்சுத்தியால் தட்டி நேராக்கினார். ஆறு வாரம் பிடித்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் அந்தக் கருவியால் அளந்தார்கள். கோணம் ஒன்றை ஒரே தடவை பார்த்து முடிக்காமல் வட்டத்தின் வெவ்வேறு பகுதிகளில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சராசரி எடுப்பார்கள். ஒரு பக்கம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் எதிர்ப்பக்கம் அதைச் சரிக்கட்டிவிடும். கருவியில் குறை இருக்கும், அதைத் தெரிந்துகொண்டே சரியான விடை எடுக்கலாம் என்ற தைரியம் அந்தத் தலைமுறைக்கு இருந்தது.

இந்த இடத்தில் நம் பக்கத்து மனிதர் ஒருவரையும் சொல்லவேண்டும். ஆற்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொஹ்சின் ஹுசைன், ஜார்ஜ் எவரெஸ்ட் தலைமை தாங்கிய காலத்தில் கல்கத்தாவில் அளவைத் துறையின் கருவி செய்பவராக உயர்ந்தார். லண்டன் கைகளால் மட்டுமே முடியும் என்று நினைத்த வேலையை அவர் செய்தார். எவரெஸ்ட் வாயாரப் புகழ்ந்திருக்கிறார். எவரெஸ்டின் பெயரை உலகமே சொல்கிறது. மொஹ்சினின் பெயர் ஆற்காட்டிலேயே எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இனி அந்தக் கால சர்வேயரின் கண் என்ன செய்தது என்று பார்ப்போம். குறுக்கிழை உண்மையிலேயே சிலந்தி இழைதான். தலைமயிர் இதற்கு மிகவும் தடிமன். குறிவைக்கும் புள்ளியையே மறைத்துவிடும். சிலந்தி இழை மெலிது, ஒரே சீரானது, இழுத்தால் விறைப்பாக நிற்கும். கவட்டைபோல் வளைத்த ஒரு கம்பியில் சிலந்தியைத் தொங்கவிட்டு, அது இறங்க இறங்க இழையைச் சுற்றி எடுப்பார்கள். டயாஃப்ரம் என்ற பித்தளை வளையத்தில் கீறிய நுண்ணிய பள்ளங்களில் இழையைப் படியவைத்து, ஒரு சொட்டு அரக்கால் ஒட்டுவார்கள். ஈரக்காற்றில் இழை தளர்ந்துவிடும். வேலை நடுவே அறுந்தும்போகும். ஆகவே, முகாமிலேயே இழை மாற்றத் தெரிந்திருக்கவேண்டும். இன்று அந்த இடத்தில் கண்ணாடித் தகட்டில் கீறிய கோடுகள் இருக்கின்றன. அறுவதற்கு எதுவுமில்லை.

அடுத்தது தலைகீழ் உலகம். கெப்ளர் குழலில் எல்லாமே கவிழ்ந்து தெரியும், இடம் வலமாகும். இன்னும் இரண்டு லென்ஸ் சேர்த்து நிமிர்த்தியிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். இரண்டு லென்ஸ் என்றால் நான்கு பரப்பு. மங்கலான மாலையில் இருபது மைல் தூரத்துக் கம்பத்தைத் தேடுபவருக்கு அந்த இழப்பு பெரிது. அதனால் கவிழ்ந்த உலகத்தையே பழகிக்கொண்டார்கள். சில ஸ்டாஃப்களில், அதாவது தூரத்தில் நிறுத்திப் பார்க்கும் அளவுகோல்களில், எண்களையே தலைகீழாக எழுதியிருப்பார்கள், குழலில் நேராகத் தெரியட்டும் என்று. வாய்க்கால் வேலைக்கு லெவல் போடும் இடத்தில் ஊர்க்காரர்கள் கூடி நின்று, "சார், நாங்களும் ஒரு தடவ பாத்துக்கலாமா?" என்று கேட்பது வழக்கம். பார்த்தவர் நிமிர்ந்து, "என்ன சார், ஆளு தலகீழா நிக்குறாரு!" என்பார். சர்வேயர் சிரித்துக்கொண்டே விளக்குவார். ஆனாலும் கோடு எந்த எண்ணில் விழுகிறது என்பதை அந்த ஊர்க்காரர் தன் கண்ணால் பார்த்துவிடுவார். அது எளிய விஷயம் இல்லை.

மூன்றாவது, பேரலாக்ஸ். பயிற்சிக்கு வருபவருக்கு முதல் நாளே சொல்லித்தரவேண்டிய விஷயம் இது. பிம்பம் இழையின் தளத்தில் சரியாக விழாமல் சற்று முன்னாலோ பின்னாலோ விழுந்தால், பார்ப்பவர் தலையை மேலும் கீழும் அசைக்கும்போது இழை ஸ்டாஃப்பின்மீது நகரும். எந்த எண்ணை எழுதுவது? அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் குழலை வானத்தின் பக்கமோ, லென்சுக்கு முன் பிடித்த வெள்ளைத் தாளின் பக்கமோ திருப்பி, கண்ணருகு லென்சைத் திருகி, இழை கறுப்பாகக் கூர்மையாகத் தெரியும்வரை சரிசெய்யவேண்டும். பிறகுதான் ஸ்டாஃப்பைப் பார்த்து ஃபோகஸ் செய்யவேண்டும். கடைசியில் தலையை அசைத்துப் பார்க்கவேண்டும். இழை பசை போட்டதுபோல் நின்றால் சரி. அவரவர் கண்ணுக்கு அவரவர் அளவு. ஒருவர் சரிசெய்ததை அடுத்தவர் அப்படியே பயன்படுத்தக்கூடாது.

இந்த இழைக்கு நல்ல துணையாக அமைந்தது ராம்ஸ்டன் கண்ணருகு லென்ஸ். லண்டன் கருவிச் சிற்பி ஜெஸ்ஸி ராம்ஸ்டன் இரண்டு தட்டைக்குவி லென்சுகளைக் குவிந்த முகங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்தார். இந்த அமைப்பில் பிம்பத் தளம் லென்சுகளுக்கு வெளியே, முன்னால் அமையும். இழையை அங்கே வசதியாகக் கட்டலாம். அதற்கு முன் புகழ்பெற்றிருந்த ஹைகன்ஸ் அமைப்பில் பிம்பம் இரண்டு லென்சுக்கும் நடுவே விழும். பார்ப்பதற்கு அருமையாக இருந்தாலும் அளப்பதற்கு அது உதவாது. ராம்ஸ்டன் 1787இல் முடித்துக் கொடுத்த மூன்றடி தியோடலைட்தான் இங்கிலாந்தின் முக்கோண அளவைக்கு அடித்தளம். லாம்ப்டனின் கருவி அந்த வழியில் வந்ததே.

நம் கிராமங்களில் தொலைநோக்கியின் பங்கு அடக்கமானது. வயலை அளந்தது பெரும்பாலும் செயினும் கிராஸ் ஸ்டாஃப்பும்தான். 66 அடிச் செயின், 100 லிங்க், 10 சதுரச் செயின் ஒரு ஏக்கர். ஜி லைன் என்ற அடிப்படைக் கோடு போட்டு, அதிலிருந்து இடமும் வலமுமாக வரப்பு வளைவுகளுக்கு அளவெடுத்து, புலப்பட நூலில் ஏற்றினார்கள். தியோடலைட் வந்தது கிராம எல்லைக்கு. எல்லையைச் சுற்றி நட்ட தியோடலைட் கற்களுக்கிடையே கோணம் எடுத்து மூட்டிய சட்டத்துக்குள்தான் ஆயிரக்கணக்கான புல எண்கள் உட்கார்ந்திருக்கின்றன. இன்று பட்டாவில் நாம் காணும் பரப்பளவுக்குப் பின்னால் தலைகீழ்ப் பிம்பத்தைப் பார்த்த ஒரு கண் இருந்திருக்கிறது.

தூரத்தையும் தொலைநோக்கியாலேயே அளக்கும் வழி ஒன்று இருந்தது. குறுக்கிழைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சிறு கோடுகள். அவை ஸ்டாஃப்பில் எவ்வளவு நீளத்தை வெட்டுகின்றனவோ அதை 100 ஆல் பெருக்கினால் தூரம். 0.75 மீட்டர் வெட்டினால் 75 மீட்டர். ஆற்றுக்கு அக்கரையில் ஆள் நின்றால் போதும். செயின் இழுக்கத் தேவையில்லை. வாசிப்பில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் தூரத்தில் 10 சென்டிமீட்டர் தவறும் என்பதால், மேடுபள்ளம் வரைய ஏற்ற முறை, மனை பிரிக்க அல்ல.

பெரிய மாற்றம் வெளியே தெரியாமல் குழலுக்குள் நடந்தது. பழைய தொலைநோக்கியில் ஃபோகஸ் செய்யவேண்டுமானால் குழலே நீளும், சுருங்கும். பல்சக்கரத்தைத் திருகினால் முன்பகுதி வெளியே வரும். ஒவ்வொரு முறை நீளும்போதும் வெளிக்காற்றும் தூசியும் ஈரமும் உள்ளே போகும். நகரும் குழாய் இம்மியளவு தளர்ந்தாலும் நோக்குக் கோடு விலகும். பக்கத்தில் பார்க்கும்போது ஒரு கோடு, தூரத்தில் பார்க்கும்போது வேறு கோடு. சுவிட்சர்லாந்துக்காரர் ஹைன்ரிக் வில்ட் 1908இல் யேனாவின் ஸைஸ் நிறுவனத்தில் அளவைக் கருவிப் பிரிவைத் தொடங்கியபோது இதற்கு முடிவு கட்டினார். குழலின் நீளம் மாறாது. உள்ளே ஒரு குழிலென்ஸ் மட்டும் முன்னும் பின்னும் நகரும். குழலை அடைத்து மூடிவிடலாம். அந்தச் சிறு லென்ஸ் கொஞ்சம் அசைந்தாலும் நோக்குக் கோட்டில் அதன் விளைவு குறைவு. குழலும் குட்டையானது.

வில்ட் 1921இல் ஹேர்ப்ரூக்கில் சொந்த நிறுவனம் தொடங்கி, அதே பத்தாண்டில் கொண்டுவந்த டி2 தியோடலைட்டை ஒரு ஆள் முதுகில் மாட்டிக்கொண்டு மலையேறலாம். பித்தளை வட்டத்துக்குப் பதில் உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடி வட்டம். எதிரெதிர் ஓரங்களின் கோடுகளைப் பட்டகங்கள் வழியே ஒன்றாகக் கொண்டுவந்து, நுண்ணோக்கியில் காட்டி, இரண்டையும் பொருத்தியதும் ஒரு விகலை வரை வாசிக்கலாம். லாம்ப்டன் பலமுறை பார்த்துச் சராசரி எடுத்துச் சாதித்ததில் ஒரு பகுதியை இந்தப் பட்டகம் ஒரே பார்வையில் முடித்துவிடுகிறது. அரை டன் எடையிலிருந்து ஒரு முதுகுப்பைக்கு! கருவிகளின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பக்கம் இதுதான்.

1930களில் ஸைஸ் நிறுவனத்தில் லென்சுக்குப் பூச்சு வந்தது. ஒளி திரும்பிப்போவது வெகுவாகக் குறைந்தது. அதன் பிறகு நிமிர்த்தும் பட்டகத்தைச் சேர்ப்பதில் நஷ்டமில்லை. மெல்ல மெல்ல உலகம் குழலுக்குள் நிமிர்ந்து நின்றது. 1950இல் ஸைஸின் என்ஐ 2 லெவல் இன்னொரு சுமையை இறக்கியது. டம்பி லெவல் என்ற பழைய வகையில் ஒவ்வொரு வாசிப்புக்கும் முன் ரசமட்டக் குமிழை நடுவில் நிறுத்தவேண்டும். புதிய லெவலில் மெல்லிய கம்பிகளில் தொங்கும் பட்டகம் ஒன்று, குழல் சற்றே சாய்ந்திருந்தாலும் புவியீர்ப்பால் தானே திரும்பி, கிடைமட்டமாக வரும் கதிரைக் குறுக்கிழைக்கு அனுப்பிவிடும். ஆட்டோ லெவல் என்று இன்று கட்டட வேலைத்தளங்களில் புழங்குவது இதன் வாரிசு. கண்ணிடமிருந்து கழன்ற முதல் பெரிய வேலை குமிழைப் பார்ப்பது.

அடுத்துக் கழன்றவை கோணத்தை வாசிப்பதும் தூரத்தை எடுப்பதும். டோட்டல் ஸ்டேஷனில் கண்ணாடி வட்டத்தின் கோடுகளை மின்னணு உணரி வாசிக்கிறது. தூரத்துக்குத்தான் தொலைநோக்கி ஒரு புதிய வேலையை ஏற்றது. இதுவரை ஒளி உள்ளே மட்டும் வந்தது. இப்போது அதே முன் லென்ஸ் வழியே ஒளி வெளியேயும் போகிறது. குழலுக்குள் நிறத்தைப் பிரிக்கும் பூச்சிட்ட பட்டகம் ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பகுதியை அது குறுக்கிழைக்கு விட்டுவிடும். லேசரோ அகச்சிவப்போ, கருவியின் சொந்த ஒளியை மட்டும் பக்கவாட்டில் திருப்பும். அங்கிருந்துதான் அது புறப்படுகிறது, போய்த் திரும்பியதும் அங்கேதான் சேர்கிறது. ஆகவே, குறுக்கிழை எங்கே நிற்கிறதோ அங்கேயேதான் தூரம் அளக்கும் கதிரும் போய் விழுகிறது. கண்ணின் கோடும் லேசரின் கோடும் ஒன்று. இதற்கு முன் தியோடலைட்டின் தலைமேல் தூரம் அளக்கும் பெட்டியைத் தனியாக மாட்டி, இரண்டு முறை குறிவைத்த காலம் ஒன்று உண்டு.

எதிரே இருக்கும் பிரிசம், கன சதுரத்தின் மூலையை வெட்டி எடுத்ததுபோன்ற கண்ணாடி. சற்றுச் சாய்வாக ஒளி விழுந்தாலும் வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். ஒளி ஒரு நானோநொடியில் 30 சென்டிமீட்டர் ஓடும். மில்லிமீட்டர் வேண்டுமென்றால் சாதாரணமாக நேரம் பார்த்துக் கட்டுப்படியாகாது. அதனால் பல கருவிகள் ஒளியைச் சீரான அலையாக ஏற்றி இறக்கி அனுப்பி, போன அலைக்கும் வந்த அலைக்கும் கட்டத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்கின்றன. பல அலைநீளங்களில் பார்த்தால் முழுத் தூரமும் கிடைத்துவிடும். சில மில்லிமீட்டர் பிழைக்குள் ஒரு கிலோமீட்டரைச் சில நொடியில் அளந்துவிடலாம்.

ஒரு நிபந்தனை உண்டு. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி மாறினால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் மாறும். பல கருவிகள் 15 டிகிரியை இயல்பு நிலையாக வைத்து வருகின்றன. சித்திரை மாத மதியம் 38 டிகிரி வெயிலில் அந்த எண்ணை மாற்றாமல் அளந்தால் கிலோமீட்டருக்கு 2 சென்டிமீட்டருக்கு மேல் தவறும், அதுவும் எல்லா அளவிலும் ஒரே பக்கமாக. 1802இல் பரங்கிமலையில் சங்கிலிக்குப் பக்கத்தில் வெப்பமானி வைத்தவர்கள் செய்ததைத்தான் இன்றும் செய்யவேண்டும். திரையில் மில்லிமீட்டர் வரை எண் மின்னுவதால் வெப்பத்தைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

என் கவலை இங்கே தொடங்குகிறது. எண் அழகாக வருகிறது. ஆனால் அந்த எண், குறுக்கிழையைச் சரியான இடத்தில் வைத்ததற்குச் சாட்சி இல்லை. கண்ணருகு லென்சைத் தன் கண்ணுக்குத் திருப்பாமல் பேரலாக்சோடு குறிவைத்தாலும் கருவி கோணத்தை விகலைக் கணக்கில் காட்டும். பிரிசத்தின் நடுவுக்குப் பதில் கோலின்மீது குறிவைத்தாலும் தூரம் வந்துவிடும், ஒளி சற்று அகலமாகப் பரவுவதால். பழைய தியோடலைட்டில் பிழை கண்ணுக்கு எதிரிலேயே ஆடும், இழை நகரும். இன்றைய திரை எதையும் ஆட்டிக் காட்டுவதில்லை. வயல்வெளியில் தரையிலிருந்து எழும் அனல் நீர்போல் நெளிவதைக் குழலில் கண் வைத்தவர் உடனே பார்ப்பார், "இப்ப வேணாம், வெயில் தாழட்டும்" என்பார். திரையை மட்டும் பார்ப்பவருக்கு அந்த நெளிவு தெரிய வாய்ப்பே இல்லை.

இன்னொன்று, முகம் மாற்றுவது. குறுக்கிழை கொஞ்சம் விலகியிருந்தால் நோக்குக் கோடு எப்போதும் ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கும். குழலைத் தலைக்குமேல் புரட்டி, கருவியை அரைச்சுற்றுத் திருப்பி, அதே புள்ளியை மறுபடி பார்த்தால் அதே விலகல் எதிர்ப்பக்கம் விழும். இரண்டையும் சராசரி எடுத்தால் பிழை தானாக அழிந்துவிடும். விலகல் எவ்வளவு என்று தெரியாமலேயே அதை ஒழிக்கும் இந்த உத்தியின் அழகு எனக்கு இன்னும் அலுக்கவில்லை. பழைய தலைமுறை இடது முகம், வலது முகம் இரண்டையும் எழுதாமல் ஒரு கோணத்தை ஏற்காது. இன்று கருவி தன் விலகலை நினைவில் வைத்துத் தானே கழித்துக்கொள்கிறது என்பதால் ஒரு முகத்தோடு விட்டுவிடுகிறார்கள். சரக்கு வண்டியில் குலுங்கி வந்த கருவியின் விலகல் போன மாதம் பதிந்த அளவிலேயே நிற்கும் என்று எப்படி நம்புவது?

தானே பிரிசத்தைத் தேடிக் குறிவைக்கும் ரோபோ கருவிகளும் வந்துவிட்டன. குழலுக்குள் இருக்கும் கேமரா, பிரிசத்திலிருந்து திரும்பும் ஒளிப்புள்ளி குறுக்கிழையிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறது என்று பார்க்க, மோட்டார் மிச்சத்தை முடிக்கிறது. பிரிசம் கோலோடு நடப்பவரே தனியாக முழு வேலையையும் பார்க்கலாம். செயற்கைக்கோளை நம்பும் ஜிபிஎஸ் அளவையில் குழலே கிடையாது. ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல் தெரியவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவே வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் கட்டடங்களாக எழுந்து நிற்கும் இன்று அது பெரிய வரம். ஆனால் மெட்ரோ சுரங்கத்துக்குள் வானம் தெரியாது. நெருக்கமான தோப்புக்குள், மாடி வீடுகளுக்கு நடுவே ஓடும் சந்தில், செயற்கைக்கோளின் சமிக்ஞை தடுமாறும். அங்கெல்லாம் வேலை மறுபடி முக்காலிக்கும் குழலுக்கும்தான் வருகிறது.

2016இல் டிரிம்பிள் நிறுவனம் கொண்டுவந்த எஸ்எக்ஸ்10 கருவியில் கண் வைக்கும் துளையே இல்லை. பிம்பம் விழும் தளத்தில் சிலந்தி இழையும் இல்லை, கண்ணாடிக் கீறலும் இல்லை, கேமராவின் உணரி இருக்கிறது. குறுக்கிழையைக் கையில் இருக்கும் டேப்லெட்டின் மென்பொருள் படத்தின்மீது வரைகிறது. உணரியே பிம்பத் தளமாகிவிட்டதால், தலையை அசைத்துப் பேரலாக்ஸ் பார்க்கும் வேலை முடிந்துபோனது. ஒரு வகையில் ஊர்க்காரர் கேட்டதும் திரும்பக் கிடைக்கிறது. சுற்றி நிற்கும் எல்லோரும் குறுக்கிழை எங்கே விழுகிறது என்று ஒரே நேரத்தில் பார்க்கலாம், அதுவும் நேராக. வரப்புத் தகராறு அளவைக்கு வரும் அலுவலர்கள் அந்தத் திரையை இரண்டு தரப்புக்கும் திருப்பிக் காட்டுவதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம். லென்சும் குவியமும் நோக்குக் கோடும் அங்கேயும் கெப்ளர் சொன்னபடிதான் இருக்கின்றன. வேலை தொடங்கும் முன் மோட்டார் கருவிகளில் செய்யவேண்டிய சோதனையும் பழையதேதான். தூரத்தில் தெளிவான ஒரு புள்ளியை முதல் முகத்தில் பார்க்கவேண்டும், புரட்டி இரண்டாம் முகத்தில் பார்க்கவேண்டும், இரண்டு கிடைக்கோணங்களுக்கும் நடுவே 180 பாகையிலிருந்து எத்தனை விகலை விலகுகிறது என்று குறித்துக்கொள்ளவேண்டும்.